தகர ஸ்டோருக்குள் வைஃபை

தேயிலை ஸ்டோருக்குள், அதாவது தோட்டத்துத் தேயிலைத் தொழிற்சாலைக்குள், வைஃபை எடுக்கவில்லை என்றால் எல்லோரும் சொல்லும் முதல் யோசனை, "நல்லதா ஒரு பெட்டி வாங்கிச் சொருகுங்க" என்பதுதான். இலங்கை மலையகத்தில் அட்டன், தலவாக்கலைப் பக்கத்துப் பழைய ஸ்டோர்களைப் பார்த்தவர்களுக்குச் சிக்கல் புரியும். பல மாடி, சுற்றிவரத் தகரம், மேலே கொழுந்து வாட்டும் இடம், கீழே இரும்பு ரோலர். தகரம் ரேடியோ அலையைத் திருப்பியடிக்கும். ஆபீஸ் வைஃபை வாசலோடு நின்றுவிடும். உள்ளேயே ஒரு அக்சஸ் பொயின்ட், அதாவது வைஃபை அலை தரும் பெட்டி, வேண்டும், சரி. ஆனால் ஒழுங்காக நிர்வகிக்கப்படும் வலையமைப்பில், வேலையில் முக்கால்வாசி அதன் வயர் போய்ச் சேரும் சுவிட்ச் போர்ட்டில்தான் (பல வயர்களை இணைக்கும் பெட்டியின் ஓட்டையில்தான்) இருக்கிறது.

அக்சஸ் பொயின்ட் வெறும் பாலம். வயரில் வருவதை ரேடியோவில் அனுப்பும், ரேடியோவில் வருவதை வயரில் இறக்கும். கருவிகளுக்கு ஐபி முகவரி (வலையமைப்பில் ஒவ்வொன்றையும் அடையாளம் காட்டும் எண்) கொடுப்பது பொதுவாக அதன் வேலையல்ல. வீட்டு ரவுட்டரோ முகவரியும் கொடுக்கும். அதன் லேன் ஓட்டையில் ஆபீஸ் வயரைச் சொருகினால் ஒரே வலையமைப்பில் முகவரி கொடுக்கும் டிஎச்சிபி சேர்வர்கள் இரண்டு ஆகிவிடும். கணினி எழும்பியதும் "எனக்கு முகவரி யார் தருவது?" என்று எல்லோரிடமும் கேட்கும், பெரும்பாலும் முதலில் பதில் சொன்னவரை நம்பிவிடும். பெரிய கிளாக்கரின் கணினிக்கு 192.168.0.12 என்று சம்பந்தமில்லாத முகவரி கிடைக்கும், சம்பளப் பட்டியல் அடிக்கும் பிரிண்டரைக் காணோம். பக்கத்து மேசைக் கணினி ஒழுங்காக ஓடுவதால் பழி கிளாக்கர் தலையில். டிஎச்சிபி ஸ்னூப்பிங் என்ற காவலைப் போட்ட சுவிட்ச் இந்தப் பொய்ப் பதிலைப் போர்ட்டிலேயே மடக்கிவிடும். போர்ட்டுக்கு ஒரே மாக் முகவரி (கருவியின் வன்பொருள் எண்) என்று பூட்டியிருந்தாலோ, நல்ல அக்சஸ் பொயின்ட்டைப் போட்டாலும் முதல் போன் சேர்ந்து இரண்டாவது மாக் முகவரி தெரிந்ததுமே போர்ட் மூடிக்கொள்ளலாம்.

அடுத்தது விலேன், அதாவது ஒரே வயரைப் பல தனி வலையமைப்புகளாகப் பிரிக்கும் முறை. கொழுந்துத் தராசு, ஆபீஸ் மடிக்கணினி, ஸ்டோர் பார்க்க வரும் வெள்ளைக்காரரின் போன் எல்லாம் ஒரே வயரில்தான் போக வேண்டும். ஆனால் ஒன்றை ஒன்று பார்க்கக் கூடாது. பல டிவிஷன் சாக்குகள் ஒரே லொறியில் வந்தாலும் அடையாளம் பார்த்துப் பிரிப்பது போல, 802.1கியூ முறையில் வயரில் போகும் ஒவ்வொரு தரவுத் துண்டுக்கும் (ஈதர்நெட் ஃபிரேம்) 4 பைட் சீட்டு ஒட்டப்படும். அதில் 1 முதல் 4094 வரை ஓர் எண். ஆபீஸ் வைஃபை பெயருக்கு 20, விருந்தினருக்கு 30 என்று அக்சஸ் பொயின்ட்டில் சொன்னால் போதாது. சுவிட்ச் போர்ட்டை டிரங்க், அதாவது பல விலேன்களைச் சீட்டோடு கடத்தும் போர்ட், ஆக்கி, இந்த இரண்டு எண்ணையும் அதில் அனுமதிக்க வேண்டும். 30 விட்டுப்போனால் எப்படித் தெரியும் என்கிறீர்களா? வைஃபை பெயர் தெரியும், கடவுச்சொல்லும் சரி, ஆனால் போன் "ஐபி முகவரி பெறுகிறது" என்பதிலேயே நிற்கும். விண்டோஸ் மடிக்கணினி என்றால் 169.254 என்று தொடங்கும் முகவரியைத் தானே போட்டுக்கொள்ளும். அதைப் பார்த்தால் பெட்டியை மாற்றாதீர்கள், டிரங்கைப் பாருங்கள்.

அக்சஸ் பொயின்ட்டுக்கு மின்சாரமும் அதே வயரில் போகும். அதற்கான 802.3ஏஎஃப் முறையில் சுவிட்ச் ஒரு போர்ட்டுக்கு 15.4 வாட் வரை தரும், வயரில் கொஞ்சம் கரைந்து மறுமுனையில் 12.95 வாட் உறுதி. செப்பு வயருக்கு 100 மீற்றர்தான் எல்லை. ஆபீஸுக்கும் ஸ்டோருக்கும் இடையே வெளியில் செப்பு இழுக்காதீர்கள். ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் இங்கே இடி மின்னல் எப்படி என்று சொல்லத் தேவையில்லை. அங்கே கண்ணாடி இழையான பைபர் போடுங்கள், அது மின்சாரத்தைக் கடத்தாது.

மிச்சம் ரேடியோ. 2.4 கிகாஹெர்ட்ஸில் 1, 6, 11 ஆகிய சனல்கள்தான் ஒன்றோடொன்று மோதாதவை. மாடிக்கு ஒன்றாகப் பிரித்துக் கொடுங்கள். எந்த அக்சஸ் பொயின்ட்டில் ஒட்டுவது என்று முடிவெடுப்பது போன்தான். எல்லா அக்சஸ் பொயின்ட்டையும் முழு அலைப் பலத்தில் வைத்தால் மேல்மாடிக்கு ஏறியவரின் போன் கீழ்ப் பெட்டியை விடாமல் பிடித்துக்கொண்டு தவிக்கும், பலத்தைக் குறைத்தால் தானாக மாறும். அலை எட்டுகிறதா என்ற சோதனையை வேலையில்லாத நாளில் செய்யாதீர்கள். ஈரக் கொழுந்தில் இருக்கும் நீர் ரேடியோ அலையை உறிஞ்சும். கொழுந்து வாட்டும் தொட்டி வெறுமையாக இருந்தபோது எடுத்த அளவு, தொட்டி நிறைந்த அன்று செல்லாது.