கணுக்கால் சுளுக்கு: வலி நின்றதும் நின்றுபோகும் பயிற்சிகள்

இயன்முறை மருத்துவரான (பிசியோதெரபிஸ்ட்) என்னிடம் சென்ற மாதம் வந்த பேருந்து நடத்துநர் ஒருவருக்கு வலது கணுக்கால் பிசகியது அது நான்காவது முறை. நெரிசலான பேருந்தின் பின்படியிலிருந்து அவசரமாக இறங்கியபோது பாதம் உட்புறமாக மடங்கியது முதல் முறை; நான்காவது முறையோ வீட்டு வாசலில், சமதரையில், நிதானமாக நடக்கும்போதே கால் புரண்டுவிட்டது. ஒவ்வொரு முறையும் எக்ஸ்ரே எடுத்திருக்கிறார், எலும்பு முறியவில்லை என்று கேட்டு நிம்மதியோடு திரும்பியிருக்கிறார், பத்து நாள் கிரேப் பேண்டேஜ் சுற்றிக்கொண்டு வலி குறைந்ததும் வேலைக்குப் போயிருக்கிறார். பயிற்சிகள் ஏதேனும் செய்தீர்களா என்று கேட்டேன். “வலிதான் போய்விட்டதே, பிறகு எதற்குப் பயிற்சி?” என்றார். அந்த ஒரே வாரத்தில் இதே பதிலைச் சொன்ன மூன்றாவது நபர் அவர் என்பதால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

கடைசியாகப் பிசகி ஐந்து வாரங்கள் ஆகியிருந்தன. வீக்கம் இல்லை, தொட்டால் வலியும் இல்லை. செருப்பைக் கழற்றிவிட்டுச் சுவரோரமாக இடது காலில் மட்டும் நிற்கச் சொன்னேன்; அரை நிமிடம் ஆடாமல் நின்றார். வலது காலுக்கு மாறியபோது நான்காவது நொடியிலேயே பாதத்தின் மேலுள்ள நரம்புகளெல்லாம் புடைத்துத் துடித்தன, விரல்கள் தரையைப் பற்றிக்கொள்ளத் தவித்தன, குதிகால் இப்படியும் அப்படியுமாக உருண்டது. ஏழாவது நொடியில் கை சுவருக்குப் போய்விட்டது. கண்ணை மூடிக்கொண்டு முயன்றபோது இரண்டு நொடிகூடத் தாங்கவில்லை. வலி இருந்ததா என்று கேட்டேன். இல்லை என்றார், சற்றே வியப்போடு.

அந்த வியப்பைத்தான் நான் எல்லோருக்கும் காட்ட விரும்புகிறேன். எக்ஸ்ரே எலும்பைக் காட்டும்; பேச்சு வழக்கில் ஜவ்வு என்றும் மருத்துவர்கள் லிகமென்ட் என்றும் சொல்லும் தசைநார் அதில் தெரியாது. கால் உட்புறமாக மடங்கும்போது பெரும்பாலும் இழுபடுவதும் கிழிவதும் கணுக்காலின் வெளிப்பக்கத் தசைநார்கள்தாம், அதிலும் முன்பக்கம் இருப்பதுதான் முதலில் போகிறது. ஆகவே ‘எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை’ என்பதற்கு எலும்பில் முறிவு தெரியவில்லை என்பது மட்டுமே பொருள். அடிபடவில்லை என்றோ ஆறிவிட்டது என்றோ பொருள் கொள்ளக் கூடாது. வலி நிற்பதும் அப்படித்தான். வீக்கம் வடிந்ததும் வலி குறைகிறது, ஆனால் தசைநார் முறுக்கேற வாரக்கணக்கிலும், பெரிதாகக் கிழிந்திருந்தால் மாதக்கணக்கிலும் ஆகும். அதைவிட முக்கியமான ஒன்று உண்டு: கணுக்கால் எந்தக் கோணத்தில் சாய்கிறது என்று மூளைக்குச் செய்தி அனுப்பும் உணர்வு முனைகள் அந்தத் தசைநாரிலேயே இருக்கின்றன. கிழிசலோடு அவையும் கெடுகின்றன என்று 1965இலேயே பிரிட்டனில் ஃப்ரீமேன் என்ற மருத்துவரும் அவருடைய குழுவினரும் எழுதினார்கள். செய்தி தாமதமாகப் போனால், கால் மடங்கத் தொடங்கும்போது அதைத் தடுக்க வேண்டிய வெளிப்பக்கத் தசைகளும் தாமதமாகவே இறுகுகின்றன. சமதரையில் கால் புரள்வதற்குக் காரணம் தரை அல்ல, இந்தத் தாமதம்தான். ஓய்வு எடுப்பதால் இது சரியாகாது, கட்டுப் போடுவதால் சரியாகாது, மாத்திரையால் சரியாகவே ஆகாது. பழக்கினால்தான் திரும்ப வரும்.

முதலில் முறிவு உண்டா என்று பார்ப்பதற்குக் கனடாவின் ஒட்டாவா நகரத்து மருத்துவர்கள் 1992இல் வகுத்த எளிய விதிகள் இன்றும் உலகெங்கும் பயன்படுகின்றன. கணுக்காலின் இரு பக்க எலும்பு முனைகளின் பின்விளிம்பில், கீழிருந்து ஆறு சென்டிமீட்டருக்குள் அழுத்தினால் வலித்தாலோ, பாதத்தின் வெளியோரத்தில் சுண்டுவிரலுக்கு நேர்பின்னே புடைத்திருக்கும் எலும்பிலோ உட்பக்க நடுப்பாத எலும்பிலோ அழுத்தினால் வலித்தாலோ, அடிபட்ட உடனேயும் மருத்துவமனைக்கு வந்த பிறகும் நான்கு அடி எடுத்துவைக்க முடியாவிட்டாலோ எக்ஸ்ரே தேவை. நீரிழிவால் பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்கள் இதை நம்பி இருந்துவிடக் கூடாது. எலும்பே முறிந்திருந்தாலும் அவர்களுக்கு வலிக்காமல் போகலாம். அவர்கள் வீங்கிய காலோடு வீட்டில் இருக்காமல் மருத்துவரிடம் போக வேண்டும், வெந்நீர் ஒத்தடத்தை நினைக்கவே கூடாது.

முதல் மூன்று நாட்கள் எண்ணெய் தேய்த்து உருவிவிடுவதை, தயவுசெய்து, யாரும் செய்யாதீர்கள். புதிதாகக் கிழிந்த இடத்தை அழுத்தி இழுத்தால் இரத்தக் கசிவும் வீக்கமும் கூடும். முறிவு இருந்துவிட்டால் விலகவும் செய்யும். காலை நெஞ்சின் மட்டத்துக்கு மேலே உயர்த்தி வைப்பதும், துணியில் சுற்றிய பனிக்கட்டியைப் பதினைந்து நிமிடம் வைப்பதும், அளவான இறுக்கத்தில் கட்டுப் போடுவதும் போதும். கட்டுக்குக் கீழே விரல்கள் நீலம் பூத்தாலோ மரத்துப்போனாலோ உடனே அவிழ்க்க வேண்டும். கெண்டைக்கால் தனியாக வீங்கி வலித்தால் அதைச் சுளுக்கின் தொடர்ச்சி என்று எண்ணாமல் அன்றே மருத்துவரைப் பாருங்கள்.

முறிவில்லை என்று உறுதியானபின், பெரும்பாலான சுளுக்குகளில் இரண்டாம் மூன்றாம் நாளிலேயே அசைவைத் தொடங்கிவிடலாம். பாதத்தை மேலும் கீழும் ஆட்டுவது மணிக்கு ஒருமுறை இருபது தடவை. வலி அனுமதிக்கும் அளவுக்கு ஊன்றி நடப்பது, தேவையானால் ஊன்றுகோலோடு. வீக்கம் அடங்கத் தொடங்கியதும் காலை நீட்டி அமர்ந்து, பெருவிரலைப் பேனாவாகக் கொண்டு அ முதல் ஔ வரை காற்றில் எழுதச் சொல்வேன். கணுக்கால் எல்லாத் திசையிலும் போய்வருவதற்கு நம் எழுத்துகளின் சுழிகளைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. பாதம் உட்புறம் திரும்பும் இடத்தில் மட்டும் வலியைத் தாண்டிப் போகக் கூடாது. இந்த வாரங்களில் சம்மணமிட்டு உட்காருவதையும் தவிர்க்க வேண்டும், ஏனெனில் அந்த அமர்வில் கிழிந்த தசைநார் இழுபட்டபடியே இருக்கிறது. இதை யாரும் நோயாளியிடம் சொல்வதே இல்லை.

அடுத்தது வலுவூட்டல். கடையில் விற்கும் ரப்பர் பட்டை இல்லாவிட்டால் பழைய சைக்கிள் டியூபை நீளவாக்கில் வெட்டிக் கொள்ளுங்கள். இரு பாதங்களையும் சேர்த்து வைத்து அதைச் சுற்றிக் கட்டி, அடிபட்ட பாதத்தை வெளிப்பக்கமாகத் தள்ளி, மூன்று எண்ணும்வரை நிறுத்தி, மெதுவாகத் திரும்ப விட வேண்டும். பத்துப் பத்தாக மூன்று முறை. திரும்ப விடும் வேகத்தில்தான் பலரும் தவறு செய்கிறார்கள். டியூப் பாதத்தைப் பிடுங்கிக்கொண்டு போகக் கூடாது. பிறகு குதிகாலை உயர்த்தி நிற்பது, முதலில் இரு காலில், பின்னர் ஒற்றைக் காலில். செய்யும்போது லேசான வலி இருந்தால் பரவாயில்லை. மறுநாள் காலையில் வீக்கம் கூடியிருந்தால் அளவைப் பாதியாகக் குறையுங்கள். கணுக்கால் மடங்கும் அளவு எவ்வளவு திரும்ப வந்திருக்கிறது என்பதை அளக்க, குதிகால் தரையை விட்டு எழாமல் முழங்காலால் சுவரைத் தொடச் சொல்லி, விரல் நுனிக்கும் சுவருக்கும் இடையே உள்ள தூரத்தை மறுகாலோடு ஒப்பிடுவோம். வீட்டில் அதைவிட எளிது, குதிகால் எழாமல் குத்தவைத்து உட்கார முடிகிறதா என்று பார்ப்பது.

இதுவரை செய்பவர்களே குறைவு. இதற்குப் பிறகுள்ள சமநிலைப் பயிற்சியைச் செய்பவர்கள் மிக மிகக் குறைவு. “கரண்ட் வைத்துவிடுங்கள், போதும்” என்கிறார்கள். எங்கள் துறையினர் சிலரும் மின்தூண்டல் தரும் மெஷினை வைத்துப் பத்து நிமிடத்தில் அனுப்பிவிடுகிறார்கள் என்பதை வருத்தத்தோடு ஒப்புக்கொள்கிறேன். கணுக்காலைத் திரும்பப் பிசகாமல் காப்பது ஒற்றைக்காலில் நிற்பதுதான். சுவரோரமாக, வெறுங்காலில், அரை நிமிடம், மூன்று முறை. அது எளிதானதும் பல் துலக்கிக்கொண்டே நிற்பது, பந்தை எறிந்து பிடிப்பது, பிறகு கண்ணை மூடுவது, கடைசியில் மடித்த தலையணைமேல் நிற்பது. விளையாடுபவர்கள் இதன்பின் தாவலையும் திசைமாற்றி ஓடுவதையும் பழகிவிட்டுத்தான் களத்துக்குத் திரும்ப வேண்டும். அதற்குப் பிறகும் ஆறு மாதமாவது கணுக்காலுக்கு பிரேஸ் என்னும் தாங்குறை அணிவது நல்லது. சமநிலைப் பயிற்சியின் பலனை நெதர்லாந்தில் 522 விளையாட்டு வீரர்களிடம் சோதித்து 2009இல் வெளியிட்டார்கள். வழக்கமான சிகிச்சையோடு வீட்டிலேயே எட்டு வாரம் சமநிலைப் பயிற்சி செய்தவர்களில் 22 சதவீதம் பேருக்கு ஓராண்டுக்குள் மீண்டும் பிசகியது; செய்யாதவர்களில் 33 சதவீதம் பேருக்கு. ஒரு மாத்திரையால் இந்த வித்தியாசம் வருமென்றால் எல்லோரும் வாங்கிச் சாப்பிட்டிருப்பார்கள் என்று நினைக்கும்போது எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

நடத்துநருக்கும் எட்டு வாரக் கணக்கைத்தான் எழுதிக் கொடுத்தேன். நாலாவது வாரம் வந்தபோது வலது காலில் கண் திறந்து இருபத்திரண்டு நொடி நின்றார். கண் மூடினால் ஐந்து நொடி. ஓடும் பேருந்தில் பயணச்சீட்டுக் கொடுக்கும்போதே பயிற்சி செய்துகொள்ளலாமா என்று கேட்டார். வண்டியில் இரண்டு காலையும் ஊன்றிக் கம்பியைப் பிடித்தே நில்லுங்கள், பயிற்சியைக் காலையில் பல் துலக்கும்போது செய்யுங்கள் என்றேன். அடுத்த முறை தலையணை கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன்.