வால்வு: ஓரதரும் இதழும்

குடியாத்தம் பக்கத்துக் கிராமத்திலிருந்து என் பெரியப்பாவை எக்கோ பரிசோதனைக்காக வேலூருக்கு அழைத்துச் சென்றிருந்தேன். அறிக்கையைப் பார்த்த மருத்துவர், இதயத்தின் மைட்ரல் வால்வு லீக் ஆகிறது என்றார். காலமெல்லாம் கிணற்றுப் பாசனத்தில் கழித்த பெரியப்பா உடனே கேட்டார்: “நம்ம கெணத்து புட்வால்வு மாதிரிங்களா சார்?” மருத்துவர் ஆமென்றார்.

அந்த ஒப்புமை மிகச் சரியானது. கிணற்றுக்குள் இறங்கும் உறிஞ்சு குழாயின் அடிமுனையில் இருக்கும் புட்வால்வில் ஒரு மடல் உண்டு. மோட்டார் ஓடும்போது ஏறும் நீர் அதைத் தூக்கித் திறக்கும். மோட்டார் நின்றதும் மடல் படிந்து, குழாயில் ஏறிய நீரைக் கீழே விடாமல் பிடித்துக்கொள்ளும். மடல் தேய்ந்தாலோ அதன் விளிம்பில் ஒரு மணல் பருக்கை சிக்கினாலோ இரவோடு இரவாக நீரெல்லாம் கிணற்றுக்கே இறங்கிவிடும். மறுநாள் காலையில் பம்பில் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினால்தான் அது மீண்டும் இழுக்கும்.

இதயத்தில் இத்தகைய அமைப்புகள் நான்கு. உடலெங்குமிருந்து பெருஞ்சிரைகள் வழியே வலது மேலறைக்கு வரும் இரத்தம், மூவிதழ் வால்வைக் கடந்து வலது கீழறைக்கு இறங்கி, நுரையீரல் தமனியின் வாயிலில் உள்ள பிறைவடிவ வால்வு வழியாக நுரையீரலுக்குச் செல்கிறது. அங்கே ஆக்சிஜன் பெற்று இடது மேலறைக்குத் திரும்பி, ஈரிதழ் வால்வு (மருத்துவர் சொன்ன மைட்ரல் இதுதான்) வழியே இடது கீழறையை அடைந்து, மற்றொரு பிறைவடிவ வால்வைத் திறந்துகொண்டு பெருந்தமனியில் பாய்கிறது. நிமிடத்துக்கு 72 துடிப்பு என்று கொண்டால், ஒவ்வொரு வால்வும் ஒரு நாளில் ஒரு லட்சம் முறைக்கு மேல் திறந்து மூடுகிறது. ஈரிதழ் வால்வு சரியாக மூடாவிட்டால், கீழறை சுருங்கும்போது இரத்தத்தில் ஒரு பகுதி மேலறைக்கே திரும்பி, நுரையீரலில் அழுத்தம் கூடி, மூச்சு வாங்குகிறது. படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று பெரியப்பா சொன்னதன் காரணம் இதுதான்.

‘வால்வு’ இலத்தீனத்தின் ‘வால்வா’ என்ற சொல்லிலிருந்து வந்தது. மடக்குக் கதவின் ஒரு பலகை என்பது அதன் பொருள். சிரைகளுக்குள்ளும் வால்வுகள் உண்டு. 1603இல் அவற்றை விரிவாக எழுதிய பதுவா நகர உடற்கூற்றியலாளர் பாப்ரிசியஸ் அவற்றைச் ‘சிறு கதவுகள்’ என்றே அழைத்தார். ஆனால் அவை இரத்தத்தின் வேகத்தை மட்டுப்படுத்துபவை என்றே அவர் எண்ணினார். அவை இதயத்தை நோக்கி மட்டுமே திறப்பவை என்று காட்டி, இரத்தம் சுற்றி வருகிறது என்று 1628இல் நிறுவியவர் அவருடைய மாணவர் வில்லியம் ஹார்வி.

வால்வுக்குத் தமிழில் அடைப்பிதழ், தடுக்கிதழ், ஓரதர் என்று பல சொற்கள் வழங்குகின்றன. இவற்றுள் அடைப்பிதழை நான் ஏற்கமாட்டேன். இதய நோயாளியின் காதில் ‘அடைப்பு’ என்று விழுந்தால் அவர் நினைப்பது இரத்தக் குழாய் அடைப்பைத்தான். அது வேறு நோய். தடுக்கிதழ் நல்ல சொல்லே ஆயினும், மூவிதழ்த் தடுக்கிதழ் என்று சேர்க்கும்போது இதழ் இருமுறை வந்து இடறுகிறது. ஓரதர் என்பது ஓர் + அதர். அதர் என்றால் வழி. “ஆக்கம் அதர்வினாய்ச் செல்லும்” என்ற குறளில் செல்வம் வழி கேட்டுக்கொண்டு போவதும் இந்தச் சொல்லால்தான். ஒரே பக்கம் வழிவிடுவது என்ற பொருளில், ஹார்வி கண்டறிந்த உண்மை முழுவதும் இச்சொல்லுக்குள் அடங்கிவிடுகிறது. இருபுறமும் நீரை விடும் தெருக்குழாயின் கேட் வால்வுக்கு இது பொருந்தாது. இதயத்துக்கும் புட்வால்வுக்கும் அப்படியே பொருந்தும்.

ஆகவே முழு அமைப்பை ஓரதர் என்றும், அதில் அசையும் மடலை இதழ் என்றும் சொல்வதே தெளிவு. மைட்ரல் என்ற பெயர் கிறித்தவ ஆயர்கள் (பிஷப்புகள்) அணியும் இரு கூர்த் தொப்பியின் சாயலால் வந்தது. நமக்கு ஈரிதழ் என்பதே போதும். அன்று மாலை பேருந்தில், எக்கோ அறிக்கையின் மேல் ஓரத்தில் ‘ஈரிதழ் ஓரதரில் கசிவு’ என்று எழுதிப் பெரியப்பாவிடம் கொடுத்தேன். அவர் எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, எந்தப் பக்கமாகக் கசிகிறது என்பதை விரலால் நெஞ்சின் மேல் வரைந்து காட்டினார்.