கடைசிக் காட்சி வரை ஒளித்து வைக்காதீர்கள்

தருமபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் குறும்படம் எடுக்க விரும்பும் இளைஞர்களின் திரைக்கதைகளைப் படித்துத் திருத்தம் சொல்வது சில ஆண்டுகளாக என் பணிகளுள் ஒன்றாக இருந்து வருகிறது. கைக்கு வரும் பிரதிகளில் பெரும்பாலானவற்றில் ஒரே குறையைக் காண்கிறேன். கதையின் உயிரான செய்தியைப் பார்வையாளரிடமிருந்து மறைத்து, கடைசிக் காட்சியில் திருப்பமாக அவிழ்க்கிறார்கள். அதுவரை வரும் காட்சிகளில் எதைப் பற்றிக் கவலைப்படுவது என்றே பார்வையாளருக்குத் தெரிவதில்லை.

அண்மையில் பாலக்கோட்டுப் பக்கத்து இளைஞர் ஒருவர் கொண்டுவந்த கதை இது. ஓசூரில் கம்பெனி வேலைக்குப் போகும் மகள் விடுமுறைக்கு ஊருக்கு வருகிறாள். நிலத்தை அப்பா அவளுக்குத் தெரியாமல் விற்றுவிட்டார் என்பது இறுதியில்தான் வெளிப்படுகிறது. நடுவில், வரப்பில் நடந்தபடி, "இந்த வருசம் எந்தப் பக்கம்ப்பா தக்காளி நடப்போறீங்க?" என்று மகள் கேட்கிறாள். "மழை பாத்துட்டுச் சொல்றேம்மா" என்கிறார் அப்பா. படிக்கும்போது அது வெறும் பேச்சாகக் கடந்து போயிற்று. பத்திரப்பதிவு அலுவலகத்தில் அப்பா கையெழுத்திடுவதை முதல் காட்சியாக வையுங்கள் என்றேன். ஒரு சொல்லைக்கூட மாற்றாமலேயே வரப்புக் காட்சி கனத்துவிட்டது. பதில் சொல்லுமுன் அப்பா குனிந்து ஒரு களையைப் பிடுங்கிப் போடுகிறார் என்று அந்த இளைஞர் முன்பே எழுதியிருந்த வரிக்கும் அப்போதுதான் பொருள் கிடைத்தது.

பதற்றப் படங்களுக்குப் பெயர்பெற்ற இயக்குநர் ஆல்ஃபிரட் ஹிட்ச்காக் 1962இல் பிரெஞ்சு இயக்குநர் த்ரூஃபோவுடன் நடத்திய நீண்ட உரையாடலில் இதைத்தான் விளக்கினார். இருவர் பேசிக்கொண்டிருக்கும் மேசைக்கடியில் குண்டு திடீரென வெடித்தால் 15 நொடி அதிர்ச்சி. குண்டு இருப்பதைப் பார்வையாளர் முன்பே அறிந்திருந்தால் 15 நிமிடப் பதற்றம். 1958இல் வெளிவந்த தம் 'வெர்டிகோ' படத்தில், மூல நாவல் முடிவுவரை மறைத்த ரகசியத்தை, நாயகன் அறியாதபடி பார்வையாளருக்கு மட்டும் முன்னதாகவே சொல்லிவிட்டார். எழுதுகிறவருக்கு அதற்குத் துணிவு வேண்டும்.

நம் மண்ணுக்கு இது புதிதும் அன்று. இங்கே பாரதக் கூத்தில், துரியோதனன் படுகளத்தில் வீழ்வான் என்பதை அறியாத ஒருவரும் கூட்டத்தில் இல்லை. ஆனாலும் விடியும்வரை கண்விழித்து உட்கார்ந்திருக்கிறார்கள். தகடூர் என்று வழங்கிய இதே தருமபுரியை ஆண்ட அதியமான், சாவை நீக்கும் நெல்லிக்கனியின் பயனைத் தனக்குள் அடக்கிக்கொண்டு ஔவைக்குக் கொடுத்ததைப் புறநானூற்றின் 91ஆம் பாடல் சொல்கிறது. அதைக் காட்சியாக எழுதிப் பாருங்கள்: கனியின் பெருமை கொடுப்பவனுக்கும் நமக்கும் தெரியும், வாங்குகிற கைக்குத் தெரியாது. அவர் அதைச் சாப்பிட்டு முடிக்கும்வரை நாம் அதியமானின் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்போம்.

மறைக்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. ஜீத்து ஜோசப்பின் 'பாபநாசம்' (2015) கொலையை நம் கண்முன் காட்டிவிடுகிறது. உடல் எங்கே இருக்கிறது என்ற ஒன்றை மட்டும் இறுதிவரை காக்கிறது. கொலையைத் தெரிந்துகொண்டதால்தான் ஒவ்வொரு விசாரணையிலும் அந்தக் குடும்பத்தோடு சேர்ந்து நாமும் மூச்சைப் பிடித்துக்கொள்கிறோம்.

என்னிடம் வருகிறவர்களிடம், ஒவ்வொரு காட்சியின் ஓரத்திலும் பென்சிலால் மூன்று வரிகள் எழுதச் சொல்கிறேன்: பேசுகிறவருக்கு என்ன தெரியும், கேட்கிறவருக்கு என்ன தெரியும், பார்வையாளருக்கு என்ன தெரியும். மூன்றும் ஒன்றாகவே இருக்கும் காட்சி பெரும்பாலும் செய்தி அறிவிப்பாகத்தான் இருக்கிறது.

பாலக்கோட்டு இளைஞர் இரண்டாம் பிரதியை அப்படித்தான் எழுதி வந்தார். நிலம் கைமாறியது முதல் காட்சியிலேயே நமக்குத் தெரிந்துவிடுகிறது. மகளுடைய படிப்புக்கு வாங்கிய கடனை அடைக்கத்தான் அப்பா விற்றார் என்பதை மட்டும், அவள் அறியும் அதே நொடியில் நாமும் அறிகிறோம்.