மாத்திரை கையில் இருக்கிறது, விழுங்க மனமில்லை: ஹராரே பாட்டிமார் செய்யும் நோய்த்தடுப்பு

ஜிம்பாப்வேயில் எச்.ஐ.வி.க்கான மருந்து அரசு கிளினிக்குகளில் இலவசம். ஒரு நாளைக்கு ஒரே மாத்திரை. டெனோபோவிர், லாமிவுடின், டோலுடெகிராவிர் மூன்றும் அதற்குள்ளேயே இருக்கின்றன. ஆப்பிரிக்காவுக்கு வரும் இந்த மாத்திரைகளில் பெரும்பகுதி இந்தியத் தொழிற்சாலைகளில் தயாராகிறது. ஒழுங்காகச் சாப்பிட்டால் சில மாதங்களில் ரத்தத்தில் வைரஸ் கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்துவிடும். அந்த நிலையிலேயே நீடிப்பவரிடமிருந்து உடலுறவு வழியாக இன்னொருவருக்கு எச்.ஐ.வி. தொற்றாது. அதனால் ஒருவர் தினமும் விழுங்கும் மாத்திரை அவருடைய துணைக்கும் பாதுகாப்பு.

இவ்வளவு இருந்தும் சிலர் நிறுத்திவிடுகிறார்கள். தலைநகர் ஹராரேயின் நெரிசலான குடியிருப்புகளிலிருந்து எச்.ஐ.வி. சிகிச்சைக்கு வருபவர்களைப் பார்க்கும் மருத்துவர் என்பதால் இதை அடிக்கடி காண்கிறேன். நன்றாக இருந்தவரின் பரிசோதனை முடிவில் திடீரென்று வைரஸ் அளவு ஏறியிருக்கும். ஏன் என்று கேட்டால் முதலில் தலைவலி என்பார்கள். தூக்கம் இல்லை, நெஞ்சு படபடக்கிறது, சாப்பாடு இறங்கவில்லை என்பார்கள். கொஞ்சம் பேசவிட்டால்தான் மற்றதெல்லாம் வரும். கணவரிடம் இன்னும் சொல்லவில்லை. வேலை போய்விட்டது. வீட்டு வாடகை பாக்கி. தென்னாப்பிரிக்காவுக்கு வேலைக்குப் போன மகனிடமிருந்து தகவலே இல்லை. கடைசியில் ஷோனா மொழியில் ஒரு சொல் வந்து விழும்: குஃபுங்கிசிசா. விடாமல் யோசித்துக்கொண்டே இருப்பதை இங்கே அப்படிச் சொல்கிறார்கள். தனக்கு மனச்சோர்வு நோய் என்று சொல்லிக்கொண்டு யாரும் என் அறைக்குள் வந்ததில்லை.

மனம் தளர்ந்தால் மாத்திரை நிற்கிறது, மாத்திரை நின்றால் நோய் பரவ வழி பிறக்கிறது. இங்கே மனநலம் பார்ப்பதே நோய்த்தடுப்புதான். அதைச் செய்யத் தகுந்தவர்கள், மக்கள் ஏற்கெனவே நம்பும் ஆட்கள். இதை ஜிம்பாப்வே கண்டறிந்த கதையைத்தான் எழுத நினைத்தேன்.

1990களில் விக்ரம் படேல் என்ற மனநல மருத்துவர் ஹராரேயில் ஆய்வு செய்தார். மும்பையில் பிறந்தவர். வெளிநாட்டில் எழுதிய கேள்வித்தாளை மொழிபெயர்த்து நீட்டுவதோடு அவர் நிற்கவில்லை. இங்குள்ள சக ஆய்வாளர்களோடு சேர்ந்து, நோயாளிகளும் நாட்டு வைத்தியர்களும் மனக்கஷ்டத்தை எப்படிப் பேசுகிறார்கள் என்று கேட்டார். அதிலிருந்து உருவானது ஷோனா அறிகுறிப் பட்டியல். 14 கேள்விகள், ‘ஆம்’ அல்லது ‘இல்லை’ என்று பதில். கடந்த ஒரு வாரத்தில் அளவுக்கு மீறி யோசித்தீர்களா? சின்ன விஷயத்துக்கெல்லாம் கோபம் வந்ததா? அழுதீர்களா, அழத் தோன்றியதா? வேலை பின்தங்கிப் போனதா? சாக வேண்டும் என்று தோன்றியதா?

கடைசியாகச் சொன்னதை நேரடியாகக் கேட்கப் பலரும் தயங்குகிறார்கள், மருத்துவர்கள் உட்பட. கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. கேட்டதும் பெரும்பாலானவர்களின் முகத்தில் ஒரு ஆசுவாசம்தான் தெரியும். இதைப் படிக்கும் உங்களில் யாருக்காவது அந்த எண்ணம் இருந்தால் இந்தியாவில் 14416, இலங்கையில் 1926 என்ற எண்ணுக்குக் கூப்பிடுங்கள், தமிழிலேயே பேசலாம்.

சரி, நோய்த்தடுப்பின் இன்னொரு பக்கமான விழிப்புணர்வுக்கு வருவோம். ஜிம்பாப்வேயில் 1997 வாக்கில் வயது வந்தோரில் ஏறக்குறைய 29 சதவீதம் பேருக்கு எச்.ஐ.வி. இருந்தது. 2007-இல் அது 16 சதவீதமாக இறங்கியது. இலவச மருந்து பரவலாகக் கிடைப்பதற்கு முன்பே பெரும்பங்கு இறங்கிவிட்டது. ஆய்வாளர்கள் இதைத் துருவிப் பார்த்தார்கள். மக்கள் பாலுறவுத் துணைகளின் எண்ணிக்கையைக் குறைத்துக்கொண்டதே முக்கியக் காரணம் என்று தெரிந்தது. அவர்களை அப்படி மாற்றியது எது? ஒவ்வொரு வாரமும் ஏதோ ஒரு வீட்டில் சாவு விழுந்தது. தேவாலயத்திலும் வேலை செய்யும் இடத்திலும் ஒருவருக்கொருவர் அதைப் பற்றிப் பேசினார்கள். சுவரொட்டியும் வானொலியும் தகவலைக் கொண்டுவந்தன. அந்தத் தகவலைத் தன் வாழ்க்கைக்குப் பொருத்திப் பார்க்க வைத்தது தெரிந்த மனிதர்களின் பேச்சு. விழிப்புணர்வு முகாம் நடத்துபவர்கள் அச்சகத்துக்குக் கொடுக்கும் பணத்தில் பாதியை இந்தப் பேச்சுக்குச் செலவிட்டால் போதும் என்று எனக்குப் பலமுறை தோன்றியிருக்கிறது.

மனநலத்தில் இந்தப் பேச்சு தொடங்க ஒரு பேரிடி தேவைப்பட்டது. 2005-இல் ‘முரம்பட்ஸ்வினா’ என்ற பெயரில் அரசு நகரங்களில் குடிசைகளையும் சிறுகடைகளையும் இடித்துத் தள்ளியது. வீட்டையோ பிழைப்பையோ, இரண்டையுமோ இழந்தவர்கள் ஏறக்குறைய 7 லட்சம் பேர் என்று ஐ.நா. தூதர் கணக்கிட்டார். ஹராரேயின் பழைய குடியிருப்பான ம்பாரே கடுமையாக அடிபட்டது. அதே ஆண்டில் டிக்சன் சிபாண்டா என்ற மனநல மருத்துவரிடம் சிகிச்சை பெற்றுவந்த ஓர் இளம்பெண் தற்கொலை செய்துகொண்டார். மருத்துவமனைக்குக் கூட்டிவரச் சொன்னபோது குடும்பத்திடம் பஸ்ஸுக்கு 15 டாலர் இல்லை. நாடு முழுவதற்கும் விரல்விட்டு எண்ணக்கூடிய மனநல மருத்துவர்களே இருந்த காலம். நோயாளி மருத்துவமனை தேடி வர வேண்டும் என்ற ஏற்பாடே இங்கே செல்லாது என்று சிபாண்டா முடிவுக்கு வந்தார்.

ம்பாரேயில் ஏதாவது செய்யுங்கள் என்று அவருக்குச் சொல்லப்பட்டது. ஆனால் அவருக்கு ஒதுக்க நர்ஸும் இல்லை, கிளினிக்கில் அறையும் இல்லை. கிடைத்தவர்கள் 14 பாட்டிமார். நகரச் சுகாதாரத் துறையின் சமூக நலப் பணியாளர்களாக வீடு வீடாகப் போய்க்கொண்டிருந்தவர்கள். யார் வீட்டில் இருமல் நிற்கவில்லை, எந்தக் குழந்தைக்குத் தடுப்பூசி போடவில்லை என்றெல்லாம் அவர்களுக்கு அத்துப்படி. அறை இல்லாததால் கிளினிக்குக்கு வெளியே, மரநிழலில் ஒரு பெஞ்சைப் போட்டார்கள். முதலில் ‘மனநல பெஞ்சு’ என்று பெயர் வைக்க, ஒருவரும் வந்து உட்காரவில்லை. இந்தப் பெயரோடு யார் வருவார்கள் என்று பாட்டிமாரே சொல்லி ‘நட்பு பெஞ்சு’ என்று மாற்றினார்கள்.

பெஞ்சில் நடப்பதைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் வெளியே இருந்து பார்ப்பவர்கள் இதை ஏதோ அன்பாக ஆறுதல் சொல்வது என்று நினைத்துக்கொள்கிறார்கள். அதற்கும் மேலே ஒரு முறை இருக்கிறது. பாட்டிமாருக்குப் பயிற்சி உண்டு, மேற்பார்வை உண்டு. முதல் அமர்வு மனதைத் திறப்பதற்கு. வந்தவர் தன் பிரச்சினைகளை எல்லாம் கொட்டுவார். பாட்டி இடைமறிக்க மாட்டார். பிறகு, இவற்றில் எதை முதலில் எடுக்கலாம் என்று கேட்பார். தேர்ந்தெடுப்பவர் வந்தவர்தான். அந்த ஒரு பிரச்சினைக்கு, இந்த வாரமே செய்யக்கூடிய, இன்ன நாளில் இன்னாரிடம் போய் என்று சொல்லக்கூடிய அளவுக்குத் தெளிவான ஒரு வேலையை இருவரும் சேர்ந்து முடிவுசெய்வார்கள். அடுத்த அமர்வில், செய்தீர்களா, என்ன ஆயிற்று என்று பார்ப்பார்கள். இப்படி ஆறு அமர்வுகள் வரை. அப்புறம், ஏற்கெனவே பெஞ்சில் உட்கார்ந்து தேறியவர்கள் நடத்தும் குழுவில் சேரலாம். அங்கே பெண்கள் பழைய பிளாஸ்டிக்கில் பை பின்னிக்கொண்டே பேசுகிறார்கள். பை விற்றால் கொஞ்சம் காசும் கிடைக்கிறது.

என்னிடம் வந்த ஒரு பெண்ணைப் பற்றிச் சொல்கிறேன். அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன். மாத்திரை டப்பாவைச் சோள மாவுக்குள் புதைத்து வைத்திருந்தார். கணவர் வீட்டில் இருக்கும் நாட்களில் அதைத் தொட முடியாது. தன் மனைவிக்கு எச்.ஐ.வி. இருப்பது கணவருக்குத் தெரியாது. மருத்துவர் எவரும் இதைத்தான் முதல் பிரச்சினையாக எடுப்பார். பெஞ்சில் பாட்டியிடம் அந்தப் பெண் தேர்ந்தெடுத்தது பிள்ளையின் பள்ளிக் கட்டணப் பாக்கியை. பாட்டி மறுபேச்சு பேசவில்லை. தலைமை ஆசிரியரைப் பார்த்துத் தவணை கேட்பது என்று முடிவானது. தவணை கிடைத்தது. அந்த வாரம் தூங்கினேன் என்றார். அதற்கடுத்த ஓர் அமர்வில், கணவரிடம் சொல்லலாம் என்று நினைக்கிறேன், நீங்கள் கூட இருப்பீர்களா என்று அவராகவே பாட்டியைக் கேட்டார். இப்போது அந்த டப்பா அடுப்பங்கரை அலமாரியில் வெளியே இருக்கிறது. கணவரும் பரிசோதனை செய்துகொண்டார்.

ஒரு சின்ன வெற்றி கையில் கிடைத்த பிறகுதான் பெரிய பயத்தைத் தொட மனிதர்களுக்குத் தெம்பு வருகிறது. கட்டணப் பாக்கிக்கும் எச்.ஐ.வி.க்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பவர்கள் ஒரு நாள் அந்த பெஞ்சின் அருகே உட்கார்ந்து பார்க்க வேண்டும்.

நம்பிக்கை சார்ந்த விஷயம் என்று இதை ஒதுக்கவும் முடியாது. ஹராரேயின் 24 கிளினிக்குகளில் 573 பேரைக் கொண்டு நடந்த ஆய்வின் முடிவு 2016 டிசம்பரில் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் வந்தது. அவர்களில் 10-க்கு 4 பேருக்கு மேல் எச்.ஐ.வி. உள்ளவர்கள். கிளினிக்கின் வழக்கமான கவனிப்பைச் சற்று மேம்படுத்திக் கொடுத்த குழுவில் ஆறு மாதத்துக்குப் பிறகும் 49.9 சதவீதம் பேரிடம் மனச்சோர்வு அறிகுறிகள் இருந்தன. பெஞ்சில் உட்கார்ந்த குழுவில் 13.7 சதவீதம். இதற்குப் பிறகு மலாவியிலும் சான்சிபாரிலும் பெஞ்சுகள் வந்தன. 2022-இல் கத்தாரில் நடந்த உலகக் கோப்பைக் கால்பந்தின்போது, ஆடிய ஒவ்வொரு அணிக்கும் ஒன்றாக 32 பெஞ்சுகளை உலக சுகாதார நிறுவனம் தோஹாவில் வைத்தது.

பெஞ்சால் முடியாததும் உண்டு. குரல்கள் கேட்பவர், நிஜத்தோடு தொடர்பு அறுந்தவர், தன் உயிருக்கு ஆபத்தான நிலையில் இருப்பவர் ஆகியோரைப் பாட்டிமார் உடனே மேல்சிகிச்சைக்கு அனுப்பிவிடுகிறார்கள். அப்படிப்பட்டவர்களின் நிலைமை ஆப்பிரிக்காவின் பல இடங்களில் இன்னும் கொடுமை. கானாவில் ஜெப முகாம்களில் சங்கிலியில் கட்டி வைக்கிறார்கள். அங்கே ஒரு முகாமிலேயே மருந்து கொடுத்துப் பார்த்த ஆய்வு 2018-இல் வெளியானது. மருந்து பெற்றவர்களின் அறிகுறிகள் குறைந்தன, சங்கிலியில் கிடந்த நாட்கள் குறையவில்லை. நோய் தணிந்தவரையும் அவிழ்த்துவிட முகாம் நடத்துபவருக்குத் தைரியம் வரவில்லை என்றுதான் நான் இதைப் புரிந்துகொள்கிறேன். அவரோடும் உட்கார்ந்து பேச ஆள் வேண்டும். தமிழ் வாசகர்களுக்கு இது தூரத்துச் செய்தி ஆகாது. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் ஒரு மனநலக் காப்பகத்தில் தீப்பிடித்தபோது, சங்கிலியில் இருந்ததால் ஓட முடியாமல் இறந்தவர்கள் 28 பேர்.

தவறாகச் சொன்ன விழிப்புணர்வு என்ன செய்யும் என்பதற்கு 2014 எபோலாவைவிடப் பெரிய சாட்சி வேண்டாம். கினி, லைபீரியா, சியரா லியோன் மூன்று நாடுகளிலும் 11,000 பேருக்கு மேல் இறந்தார்கள். இதற்கு மருந்தே இல்லை என்று ஆரம்பத்தில் பிரசாரம் செய்தார்கள். மருந்து இல்லையென்றால் சிகிச்சை முகாமுக்கு எதற்குப் போக வேண்டும், வீட்டிலேயே சாகலாமே என்று மக்கள் நினைத்ததில் என்ன தவறு? நோயாளிகளை ஒளித்தார்கள், ரகசியமாகப் புதைத்தார்கள். கினியின் வோமே கிராமத்தில் அந்தச் செப்டம்பரில் விழிப்புணர்வுக்குப் போன குழுவில் எட்டுப் பேரைக் கொன்றார்கள். பிறகுதான் இமாம்களையும் பாதிரியார்களையும் முன்னால் நிறுத்தி, குடும்பத்தார் தள்ளி நின்று பிரார்த்திக்க இடம் கொடுத்து அடக்கம் செய்யும் முறை வந்தது. எதிர்ப்பு தணியத் தொடங்கியது.

ஹராரேயில் எங்களுக்கு இன்னும் விடை கிடைக்காத ஒன்று ஆண்கள். 573 பேரைக் கொண்டு நடந்த அந்த பெஞ்சு ஆய்விலேயே 86 சதவீதம் பேர் பெண்கள். பாட்டியிடம் போய் அழுவது ஆணுக்கு அழகில்லை என்ற எண்ணம் வலுவாக இருக்கிறது. கிளினிக்குக்கே அவர்கள் தாமதமாகத்தான் வருகிறார்கள், காசநோய் முற்றிய பிறகு வருபவர்களும் உண்டு. வேன் ஸ்டாண்டிலும் மதுக்கடையிலும், அதே வயதுள்ள, அதே நோயோடு வாழும் ஓர் ஆண் பேச ஆரம்பித்தால்தான் இது நகரும் என்று நினைக்கிறேன். எச்.ஐ.வி.யோடு வாழும் இளைஞர்களே தங்கள் வயதினருக்குத் துணையாகப் போகும் ‘ஸ்வாண்டிரி’ திட்டம் பதின்வயதினரிடையே இந்த நாட்டில் நல்ல பலன் தந்திருக்கிறது.

இதற்கெல்லாம் பணம் வேண்டும், அந்தக் கவலைதான் இப்போது பெரிது. 2025 ஜனவரியில் அமெரிக்க அரசு வெளிநாட்டு உதவியை நிறுத்தியபோது ஆப்பிரிக்கா முழுக்க எச்.ஐ.வி. திட்டங்கள் ஆட்டம் கண்டன. உயிர்காக்கும் மருந்துக்கு என்று சில நாட்களில் விலக்கு அறிவித்தார்கள். வீடு வீடாகப் போய்ப் பேசும் பணியாளர்கள் பல இடங்களில் வேலை இழந்தார்கள். பேசுவது உயிர்காக்கும் சேவை என்ற கணக்கில் எளிதில் வருவதில்லை. ஜிம்பாப்வேயிடம் இதற்கு ஒரு சொந்த வழி இருக்கிறது. வருமான வரியோடு சேர்த்து, அந்த வரித்தொகையில் 3 சதவீதத்தை எய்ட்ஸ் வரியாக இந்த நாடு 2000-ஆவது ஆண்டிலிருந்து வசூலிக்கிறது, அதில் பெரும்பங்கு மருந்துக்குப் போகிறது. பெஞ்சில் உட்காரும் பாட்டிமாரின் மாதப்படிக்கும் அதே நிதியில், ஆண்டுதோறும் மாறாத ஒரு பங்கை எழுதி வைக்க வேண்டும்.