பழைய பிக்கப் வாங்கியவர்களுக்கு: தெர்மோஸ்டாட் வால்வைக் கழற்றி எறியாதீர்கள்

மேட்டுப்பாளையத்தில் டீசல் வண்டிப் பட்டறை நடத்துகிறவனிடம் கோடை பிறந்ததும் ஒரே குறையோடு வண்டிகள் வரத் தொடங்கும். வண்டியைப் பழைய வண்டி விற்கும் கன்சல்டிங்கில் வாங்கி ஒரு மாதம்கூட ஆகியிராது. சமவெளியில் ஒரு குறையும் காட்டாமல் ஓடியிருக்கும். உரமூட்டை ஏற்றிக்கொண்டு குன்னூருக்குக் கிளம்பிய முதல் நாளே, கல்லாறு தாண்டி வளைவுகள் தொடங்கியதும் வெப்பமுள் சிவப்புக்கோட்டைத் தொட்டு, பர்லியாற்றுக்கு முன்பாகவே தண்ணீர் கொதித்துப் பீய்ச்சியிருக்கும். சென்ற வாரம் கயிறு கட்டி இழுத்து வரப்பட்ட வண்டியும் இதே வகைதான். அதன் உரிமையாளர் ரேடியேட்டரை மாற்றியிருந்தார், வாட்டர் பம்பை மாற்றியிருந்தார், விசிறியையும் மாற்றியிருந்தார். இவை எல்லாவற்றுக்கும் முன்னதாக, யாரோ சொன்னதைக் கேட்டு, இன்ஜின் சூடாகும் வரை ரேடியேட்டருக்குத் தண்ணீர் போகாமல் அடைத்து வைக்கும் தெர்மோஸ்டாட் வால்வைக் கழற்றித் தூக்கிப் போட்டிருந்தார். "வால்வையும் கழட்டிப் பார்த்தாச்சுங்கண்ணா, அப்பவும் ஹீட் ஆகுது" என்று அவர் சொன்னபோது எரிச்சலை அடக்கிக்கொண்டுதான் பானட்டைத் திறந்தேன். மாலையில் இன்ஜினின் மேல்பகுதியான ஹெட்டைக் கழற்றி அதன் மேல் நேர்க்கோலை வைத்துப் பார்த்தால், நடுவில் கோலுக்கும் ஹெட்டுக்கும் இடையே வெளிச்சம் தெரிந்தது. ஹெட் வளைந்துவிட்டது. இப்போது அது பேஸிங்கிற்காக (தளத்தைச் சீவிச் சமன் செய்வதற்காக) லேத்தில் கிடக்கிறது.

தெர்மோஸ்டாட் என்பது சூட்டைக் கூட்டுவதற்காகக் கம்பெனிக்காரன் வைத்த அடைப்பு என்றும், நம் ஊர் வெயிலுக்கு அது தேவையே இல்லை என்றும் ஒரு நம்பிக்கை ஊறிப்போயிருக்கிறது. இதை ஓட்டுநர்கள் சொன்னால் பொறுத்துக்கொள்ளலாம். பட்டறை வைத்திருப்பவர்களே சொல்வதைத்தான் தாங்க முடியவில்லை. டீசல் இன்ஜின் ஏறத்தாழ 80 முதல் 95 டிகிரி வரையிலான சூட்டில் ஓடுவதற்கென்றே வடிவமைக்கப்பட்டது. பிஸ்டனுக்கும் அது ஓடும் குழலான லைனருக்கும் இடையிலுள்ள இடைவெளி, ஆயில் ஓடும் பதம், டீசல் எரியும் வேகம் எல்லாம் அந்தச் சூட்டைக் கணக்கிட்டே அமைந்தவை. வால்வைப் பிடுங்கிவிட்டால் இன்ஜின் தன் சூட்டை எட்டுவதற்கு நெடுநேரம் பிடிக்கும். குறைந்த பாரத்தில் ஓடுகிற நாட்களில் எட்டாமலேயே போகும். முழுதாக எரியாத டீசல் லைனர் சுவரிலுள்ள ஆயிலைக் கழுவிக்கொண்டு ஆயில் தேங்கும் சம்ப்பில் இறங்கும், பிஸ்டன் ரிங்கும் லைனரும் தேயும், மைலேஜ் குறையும். சென்சாரை நம்பி ஓடுகிற இன்ஜின்களில், வண்டி இன்னும் குளிர்ந்தே இருக்கிறது என்று கணினி எண்ணிக்கொண்டு குளிர்நிலைக்குரிய அளவிலேயே டீசலை ஊட்டிக்கொண்டிருக்கும். இவ்வளவு கெடுதல் செய்தும் மலையில் சூடு குறைகிறதா என்றால், அதுவும் இல்லை. வால்வு திறக்கும்போது பைபாஸ் வழியை அடைக்கும்படி அமைந்த இன்ஜின்களில், வால்வு இல்லையென்றால் பைபாஸ் எப்போதும் திறந்தே கிடக்கும். தண்ணீரில் ஒரு பகுதி ரேடியேட்டருக்குப் போகாமலேயே இன்ஜினுக்குத் திரும்பும். பாரத்தோடு ஏற்றத்தில் முக்கும்போது அந்த வண்டி முன்னைவிடச் சீக்கிரம் கொதிக்கும்.

வாங்கிய வண்டியில் வால்வு இருக்கிறதா என்பதை எந்தக் கருவியும் இல்லாமல் வீட்டிலேயே கண்டுகொள்ளலாம். இரவு முழுதும் ஆறிய இன்ஜினைக் காலையில் ஸ்டார்ட் செய்துவிட்டு, விசிறியிலும் பெல்ட்டிலும் கை படாமல் பார்த்துக்கொண்டு, ரேடியேட்டரின் மேல் ஹோஸை அவ்வப்போது தொட்டுப் பாருங்கள். வால்வு இருந்தால் சில நிமிடங்களுக்கு ஹோஸ் சில்லென்றே இருந்து, பிறகு திடீரெனச் சூடேறும். முதலிலிருந்தே இன்ஜினோடு சேர்ந்து மெல்ல மெல்ல வெதுவெதுப்பாகிறது என்றால் உள்ளே வால்வு இல்லை, அல்லது திறந்தபடியே சிக்கியிருக்கிறது. வால்வின் மேல் சந்தேகம் இருந்தால் கழற்றி, அடுப்பில் தண்ணீர் வைத்து, ஒரு தெர்மாமீட்டரோடு அதில் போட்டுப் பாருங்கள். அதன் விளிம்பில் 82 என்று பொறித்திருந்தால் அந்தச் சூட்டையொட்டி வாய் திறக்க ஆரம்பிக்க வேண்டும். திறக்கவில்லையென்றால் புதிதாக வாங்கிப் போடுங்கள்; ஒரு டயர் விலையில் அது மிகச் சிறு பங்கு.

விற்றவர் வால்வைக் கழற்றியிருந்தால் அவர் எதையோ மறைக்கிறார் என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். பெரும்பாலும் அந்த மறைவில் இருப்பது, ஹெட்டுக்கும் இன்ஜின் பிளாக்குக்கும் நடுவில் கசியாமல் அடைக்கிற ஹெட் கேஸ்கெட்டின் கோளாறு. இன்ஜின் நன்றாக ஆறியிருக்கும்போது மட்டும் ரேடியேட்டர் மூடியைத் திறந்து (சூட்டில் திறந்து முகத்தை வேகவைத்துக்கொண்டவர்களை நான் பார்த்திருக்கிறேன், தயவுசெய்து வேண்டாம்), விளிம்பு வரை நிரப்பி, ஸ்டார்ட் செய்து ஆக்சிலரேட்டரை மெல்லக் கூட்டுங்கள். தொடக்கத்தில் ஓரிரு குமிழிகள் வருவது உள்ளே தங்கிய காற்று. வந்துகொண்டே இருந்தால், அது எரிகிற அறையிலிருந்து கசியும் புகை. மூடியைப் போட்டு ஸ்டார்ட் செய்த ஓரிரு நிமிடத்தில், இன்ஜின் சூடாவதற்குள்ளாகவே ஹோஸ் கல்லாக இறுகினாலும் அதே முடிவுதான். பட்டறையில் நீலத் திரவம் நிரப்பிய சோதனைக் குழாயை ரேடியேட்டர் வாயில் வைத்துப் பார்ப்போம். எரிந்த புகை கலந்திருந்தால் திரவத்தின் நிறம் மாறிவிடும். இவ்வளவு எளிதான சோதனையைச் செய்யாமல் ரேடியேட்டர், பம்ப் என்று வரிசையாகப் பொருளை மாற்றிக்கொண்டு போவதை நான் ரிப்பேர் என்று ஒப்புக்கொள்ள மாட்டேன்.

கேஸ்கெட் நன்றாக இருந்து சூடு மட்டும் ஏறினால், அதன் பிறகு ரேடியேட்டர் பக்கம் போகலாம். நம் பகுதியில் போர் தண்ணீரை ஊற்றி ஓட்டிய வண்டிகளின் குழாய்களில் உப்புப் படிந்து பாதி அடைத்திருக்கும். வெளிப்பக்கத் தகடுகளில் சேறும் பூச்சியும் அப்பியிருக்கும். விஸ்கஸ் விசிறியாக (சூடேறினால் இறுகிச் சுழலும் விசிறி) இருந்தால், இன்ஜின் நல்ல சூட்டில் இருக்கும்போது நிறுத்திவிட்டு விசிறியைக் கையால் சுற்றிப் பாருங்கள். இழுத்துப் பிடிக்காமல் தானாகச் சுழன்றால் அது செத்துவிட்டது. ரேடியேட்டர் மூடியின் ரப்பரையும் ஸ்பிரிங்கையும் பார்க்க மறக்க வேண்டாம். 0.9 பார் அழுத்தம் தாங்கும் மூடி சரியாக இறுகினால், உள்ளிருக்கும் வெறும் தண்ணீர்கூடச் சமவெளியில் 118 டிகிரி அளவில்தான் கொதிக்கும். மூடி அழுத்தத்தை விட்டுவிட்டால் கணக்கு மாறிவிடும்: ஏறத்தாழ 1850 மீட்டர் உயரத்திலுள்ள குன்னூரில் திறந்த தண்ணீர் 94 டிகிரியிலேயே கொதித்துவிடும், அதாவது இன்ஜினுக்கு உரிய சூட்டிலேயே. இப்படிச் சீக்கிரம் கொதிக்காமலிருக்கத் தண்ணீரோடு கூலன்ட்டைச் சரிபாதி கலந்து ஊற்றுங்கள் என்று நாங்கள் சொன்னால் பில்லை ஏற்றுவதற்காக என்று நினைக்கிறார்கள்.

புகையைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். கறும்புகை வந்தவுடன் "இன்ஜின் போயிடுச்சு" என்று அழத் தேவையில்லை. ஏர் ஃபில்டர் அடைப்பு, டர்போ ஹோஸில் விரிசல், இன்ஜெக்டர் கோளாறு என்று செலவு குறைந்த காரணங்களை முதலில் பாருங்கள். நீலப்புகையும், ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் குபுகுபுவென வரும் பேக் கம்ப்ரஷனும் (பிஸ்டன் ரிங்கைத் தாண்டிக் கீழே கசியும் புகை) சேர்ந்திருந்தால்தான் ரிங், லைனர் கவலை. விற்கும் முன் சிலர் கெட்டியான ஆயிலை ஊற்றிச் சத்தத்தையும் புகையையும் அடக்கிவிடுவார்கள். ஆகவே வாங்கிய முதல் வாரமே ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றி, இன்ஜினுக்கு உரிய கிரேடை ஊற்றினால் உண்மை நிலை தெரிந்துவிடும்.

2020 ஏப்ரலுக்குப் பின் வந்த பிஎஸ் 6 (புகை மாசு விதி) வண்டியாக இருந்தால், சாவியை ஆன் செய்ததும் செக் இன்ஜின் விளக்கு எரிந்து, ஸ்டார்ட் ஆனதும் அணைய வேண்டும். எரியவே இல்லையென்றால் மகிழ வேண்டாம். ஒரு வண்டியின் மீட்டர் போர்டைப் பிரித்தபோது அந்த விளக்கின் மேல் மட்டும் விரல் நகம் அளவுக்குக் கறுப்பு டேப்பை வெட்டி ஒட்டியிருந்தார்கள். ஸ்கேனர் வைத்துப் பார்க்காமல் பிஎஸ் 6 வண்டியை நம்பக் கூடாது. வால்வு இல்லாமல் இன்ஜின் குளிர்ந்தே ஓடினால் டிபிஎஃப் (புகைக்கரியைப் பிடிக்கும் ஃபில்டர்) தன்னைச் சுத்தம் செய்துகொள்ளாமல் அடைத்துக்கொள்ளும் என்பதையும் இங்கே சேர்த்துக்கொள்ளுங்கள்.

எஃப்சி (வண்டியின் தகுதிச் சான்று) கையில் இருக்கிறதே என்று சொல்பவர்களுக்கு: எட்டு வயது வரை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறையும் அதன் பிறகு ஆண்டுதோறும் எடுக்கிற அந்தச் சான்று, உங்கள் ஹெட் கேஸ்கெட்டைப் பற்றி எதுவும் சொல்லாது. அது வேண்டும், ஆனால் அதை இன்ஜினுக்கு ஜாமீனாக நினைக்காதீர்கள்.

வண்டிக்கு அடியில் படுத்துப் பார்க்கச் சோம்பல் கூடாது. பின் ஸ்பிரிங்கில் கூடுதல் பட்டை சேர்த்திருந்தால் அது அளவுக்கு மீறிப் பாரம் சுமந்த வண்டி. அப்படியானால் சேசிஸில் ஸ்பிரிங் தாங்கிகளைச் சுற்றி விரிசலோ புது வெல்டிங்கோ, அதை மறைக்கப் புதுப் பெயின்ட்டோ இருக்கிறதா என்று டார்ச் அடித்துத் தேடுங்கள். புரொப்பல்லர் ஷாஃப்டைக் கையால் முறுக்கி அசைத்தால் அதன் மூட்டான கிராஸ் தேய்ந்திருப்பது தெரியும். இறக்கத்தில் பாரத்தோடு வருகிற வண்டிக்கு பிரேக் ஆயில், லைனிங், வீல் சிலிண்டர் மூன்றையும் பார்த்துவிட்டுத்தான் முதல் லோடு ஏற்ற வேண்டும். இதில் பேரம் கிடையாது.

கடைசியாக ஒரு கெஞ்சல். பழைய பிக்கப்பைச் சோதிக்கப் பட்டறைக்குக் கொண்டு வரும்போது, மரியாதைக்காகவேனும் இன்ஜினை வாட்டர் வாஷ் செய்துவிட்டு வராதீர்கள். ஹெட் ஓரத்தில் காய்ந்து வெள்ளையாகப் படிந்த தண்ணீர்க் கோடும், டர்போவுக்குக் கீழே புழுதியோடு ஒட்டிய ஆயிலும்தான் எங்களுக்கு வழிகாட்டி. முந்தைய நாள் மாலையே வண்டியைக் கொண்டுவந்து விட்டுவிட்டுச் சாவியைக் கொடுத்துவிட்டுப் போங்கள்; காலையில் முதல் ஸ்டார்ட்டை நாங்கள் செய்துகொள்கிறோம்.