மாடு கத்துவது ஒரு நேரம், முட்டை வருவது ஒரு நேரம்

காலையில் பால் கறக்கும்போது மாடு தீவனத்தைத் தொடாமல் கத்துகிறது. வாலோரம் முட்டை வெள்ளைக்கரு போலத் தெளிவான வழும்பு தொங்குகிறது. உடனே சினை ஊசிக்கு (செயற்கைக் கருவூட்டலுக்கு) ஆள் தேடி, எட்டு மணிக்குள் போட்டு முடித்துவிடுகிறோம். இருபத்தோராம் நாள் மாடு மறுபடி கத்தும்போது பழி ஊசி மேல் விழுகிறது. பல நேரம் தப்பு ஊசியில் இல்லை, அவசரத்தில்தான்.

மாட்டின் பருவச் சுழற்சி சராசரியாக 21 நாள். 18 முதல் 24 வரை இருக்கலாம். அதற்குள் இன்னொரு மாடு மேலே தாவினால் விலகாமல் நின்று கொடுக்கிற நேரம், அதாவது பருவம், 12 முதல் 18 மணி நேரம்தான். சினைப்பையில் வளரும் முட்டைக் கொப்புளம் சுரக்கும் ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன் மூளைக்குப் போய்க் கத்தவும் நிற்கவும் வைக்கிறது. எல்.எச். என்ற ஹார்மோனை அலை போலக் கிளப்பிவிடுவதும் அதுவே. அலை எழுந்து ஏறக்குறைய ஒரு நாள் கழித்துத்தான் கொப்புளம் உடையும். அதாவது முட்டை வெளிவருவது பருவம் அடங்கி 10–12 மணி நேரம் கழித்து! கத்தல் ஒரு முன்னறிவிப்பு, அவ்வளவுதான்.

வந்த முட்டைக்கு ஆயுள் அரை நாள்கூட நிச்சயமில்லை. ஊசியில் போகும் உறைவிந்தணு கருப்பையில் ஒரு நாள் தாக்குப்பிடித்தால் பெரிது. அதிலும் முதல் சில மணி நேரம் முட்டையைத் துளைக்கும் தகுதி பெறவே போய்விடும். இரண்டையும் பொருத்திப் பார்த்தால் பழைய விதியின் காரணம் புரியும்: காலையில் பருவம் கண்டால் மாலையில் ஊசி, மாலையில் கண்டால் மறுநாள் காலையில்.

ஊசி போடும் முறையிலும் பிசகலாம். விந்து அடைத்த 0.25 மி.லி. குச்சி, திரவ நைட்ரஜனில் மைனஸ் 196 டிகிரியில் கிடப்பது. எடுத்ததும் 37 டிகிரி வெந்நீரில் 30 விநாடி வைத்து, ஈரம் துடைத்து, தாமதிக்காமல் செலுத்த வேண்டும். உள்ளங்கையில் உருட்டிச் சூடேற்றினால் அணுக்கள் பாதி வழியிலேயே சாகும். விடவேண்டிய இடம் கருப்பைக் கழுத்தைத் தாண்டியதும். வழும்பு கலங்கலாக, வெள்ளையாக, மஞ்சளாக இருந்தால் கருப்பையில் சீழ் என்று பொருள். அன்று ஊசியே வேண்டாம், மருத்துவம்தான் வேண்டும்.

பருவம் போன ஓரிரு நாளில் சில மாடுகளுக்கு, குறிப்பாகக் கிடேரிகளுக்கு, லேசாக ரத்தம் தெரியும். அதை வைத்துச் சினை பிடித்ததா இல்லையா என்று சொல்ல முடியாது. ஆனால் ஊசி போடாத மாடாக இருந்தால், பருவம் நழுவிவிட்டது என்பதற்கு அது சாட்சி. அன்றிலிருந்து 18–20 நாள் எண்ணிக்கொண்டு காத்திருக்கலாம்.

பருவத்தைக் கண்ணால் பிடிப்பதுதான் நம் பக்கம் கஷ்டம். இரண்டு மூன்று மாட்டைக் கட்டுத்தறியிலேயே வைத்திருந்தால் எது எதன் மேல் தாவும்? காலை, மாலை அரை மணி நேரமாவது மண் தரையில் அவிழ்த்து விட வேண்டும். வழுக்கும் சிமெண்ட் தரையில் மாடு தாவவே அஞ்சும். தாவுகிற மாட்டை அல்ல, தாவ விட்டு நிற்கிற மாட்டைக் குறித்துக்கொள்ளுங்கள். சித்திரை வெயிலில் அறிகுறிகள் மங்கி, இரவிலும் விடியலிலுமே தலைகாட்டும். எருமையோ கத்தாமலே பருவத்தைக் கடத்திவிடும். ஊமைப் பருவம் என்பது இதுதான். ஆகவே இரவு ஒன்பது மணிக்கு ஒரு பார்வை அவசியம்.

ஏற்காட்டுக் காப்பித் தோட்டங்களுக்குள் இறங்கும் காட்டெருமைக்கு இந்தக் கடிகாரம் எதற்கு? (பெயர்தான் எருமை, உண்மையில் அது மாட்டினம்.) காளை பசுவின் சிறுநீரை முகர்ந்து, மேலுதட்டைச் சுருட்டி, அண்ணத்தில் உள்ள தனி வாசனை உறுப்புக்கு ஏற்றிப் பார்க்கிறது. நேரம் நெருங்கினால் பசுவை விட்டு விலகாது, நிற்கும் வரை கூடவே அலையும். ஊர்க் காளையும் இதையேதான் செய்யும். உடன் அலைந்து காளை அறிவதை நாம் மணி பார்த்து அறிய வேண்டியிருக்கிறது.

பூனை வேறு வழி: இணைசேர்தலே எல்.எச். அலையைக் கிளப்பி முட்டையை வரவழைக்கும்.

குளிர்நாட்டுச் செம்மறிகள் பகல் குறையும் காலத்தில்தான் பருவத்துக்கு வரும். சேலத்தில் நீண்ட பகலுக்கும் குறுகிய பகலுக்கும் வித்தியாசம் ஒன்றரை மணி நேரம்கூட வராது. அதனால் மேச்சேரிச் செம்மறிக்கும் சேலம் கருப்பு வெள்ளாட்டுக்கும் வெளிச்சம் பெரிய தடையல்ல; மழையும் மேய்ச்சலுமே முக்கியம். சேலம் குரும்பப்பட்டி உயிரியல் பூங்காவில் காணும் புள்ளிமான்களும் இப்படித்தான். எல்லாம் ஒரே நேரத்தில் பருவத்துக்கு வராததால், ஒரே கூட்டத்தில் ஒரு ஆண் மானுக்கு முற்றிய கொம்பு, இன்னொன்றுக்கு ரோமத்தோல் மூடிய இளங்கொம்பு.

செம்மறிக்குச் சுழற்சி 17 நாள், வெள்ளாட்டுக்கு 21. குட்டிகள் ஒரே சமயத்தில் வேண்டுமென்றால் கிடாவைப் பார்வைக்கும் வாடைக்கும் எட்டாமல் ஒரு மாதம் பிரித்து வையுங்கள். அந்தக் கடைசி இரண்டு வாரம் பெட்டைகளுக்குத் தினம் 250 கிராம் அடர்தீவனம் கூடுதலாகக் கொடுங்கள். பிறகு 25 பெட்டைக்கு ஒரு கிடா என்று விட்டால், அதன் வாடையே சுழற்சி நின்றிருந்த பெட்டைகளைத் தூண்டும். செம்மறியில் முதல் முட்டை பெரும்பாலும் அறிகுறியில்லாமல் போய்விடும். அடுத்த சுற்றில்தான் பட்டி முழுக்கக் கிடாவைத் தேடும். வருஷம் முழுக்கக் கிடாவைப் பட்டிக்குள்ளேயே அடைத்து வைத்திருப்பவர்களுக்கு இந்தப் பலன் கிட்டாது, வாடை பழகிப்போயிருக்கும்.