இயர்பட்ஸ் எப்படி இரைச்சலை நீக்குகின்றன?

ஒரு வாசகர் கேட்டிருந்தார்: "என்னிடம் உள்ள இரண்டு ஜோடி கம்பியில்லா இயர்பட்ஸிலும் இரைச்சல் நீக்கும் வசதி இருக்கிறது. சிலிக்கான் முனை கொண்ட ஜோடியை மாட்டினால் ரயிலின் உறுமலும் பேச்சொலியும் நன்றாக அடங்குகின்றன. முனையில்லாத பிளாஸ்டிக் ஜோடியிலோ உறுமல் சற்றுக் குறைகிறதே தவிர, பக்கத்து இருக்கைப் பேச்சு அப்படியே கேட்கிறது. ஏன்?"

காற்றில் நெருக்கமும் தளர்ச்சியும் மாறி மாறிப் பரவுவதே ஒலி. நெருக்கம் வந்து சேரும் கணத்தில் அதே அளவு தளர்ச்சியை உண்டாக்கினால் இரண்டும் ஒன்றையொன்று அழித்துவிடும். இயர்பட்ஸின் வெளிப்புற மைக் இரைச்சலைக் கேட்க, சிப் அதைத் தலைகீழாக்க, ஒலிபெருக்கி அந்த எதிரலையைக் காதுக்குள் செலுத்துகிறது. பல மாடல்களில், உட்புறம் உள்ள இன்னொரு மைக் மிஞ்சியதைக் கேட்டுத் திருத்துகிறது.

இதில் என்னை மிகவும் கவர்வது காலக்கணக்கு. எதிரலை சரியான வீச்சுடன் (அலையின் உயர அளவுடன்), ஆனால் ஒரு மில்லிவினாடியில் பத்தில் ஒரு பங்கு தாமதமாக வருவதாகக் கொள்வோம். 100 ஹெர்ட்ஸ் (வினாடிக்கு 100 அதிர்வு) உறுமலின் ஓர் அதிர்வுக்கு 10 மில்லிவினாடி ஆகும் என்பதால், இந்தத் தாமதம் அதில் நூறில் ஒரு பங்குதான்; இரைச்சலின் வீச்சில் ஏறத்தாழ 6 சதவீதமே மிஞ்சும். 1000 ஹெர்ட்ஸில் அதே தாமதம் பத்தில் ஒரு பங்காகிவிட, 62 சதவீதம் மிஞ்சுகிறது. 2000 ஹெர்ட்ஸில் மிஞ்சுவது 118 சதவீதம்! அழிக்க வந்த அலையே இரைச்சலைக் கூட்டிவிடுகிறது. அதனால்தான் எதிரலையின் வேலையைப் பொறியாளர்கள் பெரும்பாலும் 1000 ஹெர்ட்ஸுக்குக் கீழேயே நிறுத்திக்கொள்கிறார்கள். பேச்சைத் தெளிவாக்கும் 'ஸ', 'ஷ' போன்ற ஒலிகளின் ஆற்றலோ பெரும்பாலும் அதற்கு மேலே இருக்கிறது.

எதிரலையால் இரைச்சலை அழிக்கும் இந்தக் கருத்துக்கு ஜெர்மானிய இயற்பியலாளர் பால் லூயெக் 1936-லேயே அமெரிக்கக் காப்புரிமை பெற்றுவிட்டார். விமானிகளின் ஹெட்செட்டாக அது விற்பனைக்கு வந்தது 1980-களின் இறுதியில்தான். ஆய்வுக்கு நிதி ஒதுக்கும்போது "உடனடிப் பயன் என்ன?" என்று மட்டும் கேட்பது தவறு என்று நான் கருதுவதற்கு இந்த அரை நூற்றாண்டு இடைவெளியும் ஒரு காரணம்.

எதிரலை கைவிடும் உயர் ஒலிகளைத் தடுப்பது சிலிக்கான் முனைதான். காதுக்கும் கருவிக்கும் நடுவே உள்ள சிறு இடைவெளியில் அடைபட்ட காற்றை வேகமாக முன்னும் பின்னும் அசைப்பது கடினம். மெதுவாக அசைப்பது எளிது. ஆகவே தாழ்ந்த ஒலி சிறு சந்திலும் புகுந்துவிடும், உயர்ந்த ஒலி தடைபடும். முனையில்லாத ஜோடியில் சந்து பெரிது என்பதால் பேச்சொலியும் தாராளமாக நுழைகிறது. போதாததற்கு, எதிரலையின் தாழ்ந்த பகுதியும் அதே வழியாக வெளியே கசிகிறது. தாடை அசையும்போதெல்லாம் சந்தின் அளவும் மாறுவதால் சிப்பின் கணிப்பும் பிசகுகிறது. எனவே இரைச்சல் மிகுந்த இடத்துக்கு நான் சிலிக்கான் முனை ஜோடியையே தேர்ந்தெடுப்பேன்.

அந்த ஜோடியிலும் ஒன்றைச் சோதித்துப் பாருங்கள். பாட்டு எதுவும் ஒலிக்காமல், இரைச்சல் நீக்கத்தை மட்டும் இயக்கி, சீரான உறுமல் கேட்கும் இடத்தில் மாட்டியுள்ள இரு இயர்பட்ஸையும் விரலால் காதுக்குள் மெல்ல அழுத்துங்கள். உறுமல் மேலும் குறைந்தால் முனை உங்கள் காதில் சரியாகப் பொருந்தவில்லை. பெட்டியில் உள்ள வேறு அளவு முனையைப் பொருத்திப் பாருங்கள்.